மிச்சம் எவ்வளவு?

"டியூப் வரைக்கும் வந்துடுச்சாம்மா?" என்று பெரியம்மா போனில் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையான வருத்தம்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பெரியம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். போனை வைத்த பிறகும் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்ன பதில் பொய் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். சொல்லப்போனால், எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறை சிதையும் நோய்) வந்த பிறகு இரவில் ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்ததே, பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் அந்த டியூபைக் கையில் எடுத்த பிறகுதான். ஆனால் அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் மனசில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் மாத்திரை, அது கேட்காவிட்டால் ஊசி, எல்லாம் கைவிட்ட பிறகு டியூப். டியூபைப் பிடித்தவர் தோற்றவர். நோயாளிகளும் அந்த வரிசையைத்தான் மனசில் வைத்திருக்கிறார்கள். பல டாக்டர்கள் பேசும் விதமும் அதற்கு உரம் போடுகிறது. அந்த வரிசை தப்பு என்று எனக்குப் பல நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எம்.எஸ். பற்றி நான் நீளமாக விளக்கப்போவதில்லை. கண் மங்குவது, கால் மரத்துப்போவது, காரணமே இல்லாத களைப்பு, இதையெல்லாம் நாம் நிறையப் பேசியாகிவிட்டது. யூரின் விஷயத்தை மட்டும் யாரும் பேசுவதில்லை. எம்.எஸ். உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் இந்தத் தொல்லை வருகிறது. இவ்வளவு பேருக்கு வரும் ஒன்றைப் பற்றி நியூரோ டாக்டரின் அறையில் எத்தனை தடவை பேச்சு வருகிறது? முழங்காலில் சுத்தியலால் தட்டுவார், ஒரு கோட்டில் நடக்கச் சொல்வார், மூக்கைத் தொட்டு விரலைத் தொடச் சொல்வார், எம்.ஆர்.ஐ. படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "யூரின் எப்படிப் போகுது?" என்று எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டால் பெரிய விஷயம். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கூட வந்த அண்ணனோ மாமனாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "பரவால்ல டாக்டர்" என்றுதான் வாயில் வரும். கால் இழுத்துக்கொண்டால் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. கழிவறைக் கதவைத் தொடுவதற்குள் உடை நனைந்துவிட்டது என்று சொல்ல மட்டும் நாக்கு எழுவதில்லை.

ஒரே புகார், நேரெதிரான இரண்டு கோளாறுகள்

சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் தசை தளர்ந்திருக்க வேண்டும், வாயில் இருக்கும் சுருக்குத்தசை இறுகியிருக்க வேண்டும். ஒன்றுக்குப் போகும்போது இது அப்படியே தலைகீழாக வேண்டும்: பை சுருங்கணும், வாய் தளரணும். இரண்டும் ஒரே நொடியில் ஒத்துப்போவதற்கான கட்டளை மூளைத்தண்டில் இருக்கும் ஒரு மையத்திலிருந்து கிளம்புகிறது. முதுகுத்தண்டுவடம் முழுக்க இறங்கி, அதன் அடிப்பகுதியில் இருக்கும் சேக்ரல் நரம்புகள் வழியாகப் பைக்கு வந்து சேர்கிறது. "நிரம்பிடுச்சு" என்ற தகவல் அதே பாதையில் மேலே போகிறது. கிட்டத்தட்ட தண்டுவடத்தின் முழு நீளமும் இந்த ஒரு வேலைக்குத் தேவைப்படுகிறது. அதில் எங்கே நரம்பின் உறை அரிக்கப்பட்டிருந்தாலும் பாதிப்பு இங்கே வந்து நிற்கும். காலுக்குப் போகும் நரம்புகளும் அதே வழியில்தான் போகின்றன. அதனால்தான் கால் பலவீனமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பையும் தகராறு செய்கிறது.

தகராறு மூன்று விதம். முதல் விதத்தில் பை பொறுமை இல்லாமல் சுருங்கும். சாதாரணமாக 150, 200 மில்லி சேரும்போதுதான் லேசாகப் போகணும்போல இருக்கும், 400, 500 வரை தாங்கலாம். இங்கே 100 மில்லி சேர்வதற்குள் பை தானாகவே பிழிய ஆரம்பிக்கும். "இப்பவே போகணும்" என்று வருமே, அந்த அவசரம் இதுதான். இரண்டாவது விதத்தில் பைக்கு அழுத்தும் பலம் போதாது, கொஞ்சம் போய்விட்டு நின்றுவிடும். மூன்றாவது விதம் எம்.எஸ்.-இல் அடிக்கடி பார்க்கும் ஒன்று. பை சுருங்குகிற அதே நேரத்தில் வாயும் இறுகிக்கொள்ளும். ஒரே வீட்டில் ஒருவர் கதவைத் தள்ள, இன்னொருவர் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போடுவதுபோல. உட்கார்ந்தால் உடனே வராது, வந்தால் விட்டுவிட்டு வரும், முடிந்தது என்று எழுந்தால் மறுபடி முட்டும்.

இந்த மூன்றுக்கும் நோயாளி சொல்லும் புகார் ஒன்றுதான் என்பது இங்கே இருக்கும் சிக்கல். அடிக்கடி போகணும், அடக்க முடியல, ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கு, சில சமயம் கசிஞ்சிடுது. பை சீக்கிரம் சுருங்குகிறவரும் இதையேதான் சொல்வார், பை காலியாகாதவரும் இதையேதான் சொல்வார். காலியாகாதவருக்கு ஏன் அடிக்கடி போகணும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருடைய பை 350 மில்லி தாங்கும் என்று வையுங்கள். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே 250 நிற்கிறது. அப்படியென்றால் அவருக்குப் புழங்க இருக்கும் இடம் வெறும் 100 மில்லி. அரை டம்ளர் சேர்ந்தாலே பை நிரம்பிவிடும். அவருக்கு பை துடிப்பதாகத் தோன்றும், டாக்டருக்கும் அப்படியே தோன்றும், உடனே பையைத் தளர்த்தும் மாத்திரையை எழுதுவார். தளர்ந்த பை இன்னும் குறைவாக அழுத்தும், மிச்சம் 250 என்பது 300 ஆகும். அடிக்கடி போவது கூடுமே தவிர குறையாது. "மாத்திரை கேக்கல" என்று நாம் போய் நிற்போம், அளவைக் கூட்டி எழுதித் தருவார்கள்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சொன்ன புகாருக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் மாத்திரையை எழுதினார். ஆக்ஸிபியூட்டினின் பழைய மருந்து, ஆண்டாண்டாகக் கொடுக்கிறார்கள், பலருக்குக் கேட்கவும் செய்கிறது. எனக்கும் முதலில் கேட்டதுபோல இருந்தது. அப்புறம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மலச்சிக்கல் வந்தது, புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. நாக்கு வறண்டால் தண்ணீர் குடிக்கணும், தண்ணீர் குடித்தால் யூரின் வரும். மலச்சிக்கல் வந்தால் மலக்குடல் புடைத்துப் பையை நெருக்கும், அவசரம் கூடும். இந்த வகை மருந்துகளில் ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் போகக்கூடியது, ட்ரோஸ்பியம் மாதிரியான சிலது அவ்வளவாகப் போகாது. ஏற்கெனவே எம்.எஸ். காரணமாக யோசனை மந்தமாக இருப்பவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. மருந்தை எழுதும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். போகட்டும்.

கால் விழுந்த காலை

ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிய கால் தரையில் நிற்கவில்லை. வலது கால் மட்டுமல்ல, அதுவரை நல்லபிள்ளையாக இருந்த இடது காலும். உடம்பு லேசாகச் சுட்டது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. "மறுபடி ரிலாப்ஸ் வந்துடுச்சு", அதாவது நோய் புதிதாகத் தாக்கிவிட்டது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்குத் தெரிந்த வழக்கப்படி, நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏறும், நான்கைந்து நாள் முகம் உப்பும், தூக்கம் போகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், "ஸ்டீராய்டு நாளைக்குப் பாப்போம், முதல்ல யூரின் டெஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார். கணவருக்குக் கோபம். கால் நடக்காமல் கிடக்கிறாள், இவர் யூரினைப் பார்க்கிறேன் என்கிறாரே என்று.

அந்த டாக்டர் செய்ததுதான் சரி. நரம்பின் உறை தேய்ந்துபோன இடங்களில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் ஓடுகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அது அங்கங்கே நின்றுபோகும். வில்ஹெல்ம் உட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இல் இதைப் பார்வை விஷயத்தில் கவனித்து எழுதினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். சிறுநீர்த் தொற்றினால் வரும் சின்னக் காய்ச்சல், பழைய காயங்களையெல்லாம் புதுசுபோலக் காட்டிவிடும். பார்க்க ரிலாப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் புதிதாக எதுவும் அழிந்திருக்காது. தொற்றைக் குணப்படுத்தினால் கால் திரும்பிவிடும். தொற்றைப் பார்க்காமல் எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் ஸ்டீராய்டை ஏற்றினால் கிருமிக்குக் கொண்டாட்டம். திடீரென்று எல்லாம் மோசமானால் ஸ்டீராய்டுக்கு முன்னால் யூரினைப் பார்க்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

டெஸ்டில் தொற்று இருந்தது. ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தார்கள். அதோடு முடிந்திருக்கும். மாலையில் ஒரு சிஸ்டர் சின்ன தள்ளுவண்டியில் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "போய்ட்டு வந்துட்டீங்களாம்மா?" என்றார். இப்போதுதான் வந்தேன் என்றேன். "முழுசாப் போன மாதிரி இருக்கா?" "ஆமா சிஸ்டர், நல்லாப் போச்சு." அடிவயிற்றில், எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, ஜில்லென்று ஜெல்லைத் தடவினார். சோப்புக் கட்டி அளவுள்ள ஒரு கருவியை வைத்துக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து பட்டனை அழுத்தினார். வலியில்லை, ஊசியில்லை. திரையில் கறுப்பாக ஒரு வட்டம் வந்தது, பக்கத்தில் ஓர் எண். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கருவியை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தார். அதே எண்தான், ஐந்தாறு மில்லி முன்னே பின்னே. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 280.

"இப்பதான் போய்ட்டு வந்தேன் சிஸ்டர்."

"போனது போனதும்மா. இது போகாம உள்ள நிக்கிறது."

அந்த எண்ணை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தூக்கிப்போட்டது அளவு அல்ல. முழுசாகப் போய்விட்டது என்று என் உடம்பு எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்ததுதான். ஆனால் யோசித்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? காலியாகிவிட்டது என்ற உணர்வும் அதே பழுதான நரம்புகள் வழியாகத்தான் மேலே வருகிறது. போகணும் என்ற செய்தி தப்பாக வரும்போது, போயாச்சு என்ற செய்தி மட்டும் சரியாக வந்துவிடுமா? இந்த நோயில் பையைப் பற்றி நோயாளி சொல்லும் சாட்சி பாதிக்குமேல் செல்லாது. டாக்டர் கேட்டு நாம் சொல்லும் பதிலை வைத்து எழுதப்படும் எந்த மருந்தும் ஊகம்தான். மிச்சத்தை அளந்தே ஆகவேண்டும். 100 மில்லிக்கு மேல் தொடர்ந்து நிற்கிறது என்றால் அதைக் காலி பண்ணும் வழியைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தேங்கிய யூரினில் கிருமி வளரும், தொற்று வரும், காய்ச்சல் வரும், கால் விழும். அன்று காலை கட்டிலிலிருந்து விழுந்ததற்கும் இந்த 280க்கும் நேர் தொடர்பு இருந்தது. ஸ்கேன் நடந்து முடிய ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? அதுவரை என்னைப் பார்த்தவர்கள் யாரும் அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்கவில்லை.

கை பழகுவது

மறுநாள் அதே சிஸ்டர் ஒரு கண்ணாடியும் கதீட்டர், அதாவது அந்த டியூப் இருக்கும் பாக்கெட்டும் கொண்டுவந்தார். நான் மனதில் வைத்திருந்த டியூப் வேறு: படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் போட்டுக் கட்டிலோரம் பை தொங்கவிடுவார்களே, அது. இது அது இல்லை. உள்ளே போட்டு, காலி பண்ணி, உடனே எடுத்துவிடுவது. ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு தடவை. நடுவில் உடம்பில் எதுவும் இருக்காது. பெண்களுக்கான குழாய் ஒரு பேனா நீளம்தான், ஏனென்றால் போகவேண்டிய தூரமே நான்கு செண்டிமீட்டர். ஆண்களுக்கு இருபது செண்டிமீட்டர் வழி, குழாயும் அதற்கேற்ப நீளம். எனக்குக் கொடுத்தது 12ஆம் எண். மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் தடிமன் வந்துவிடும், அதாவது நான்கு மில்லிமீட்டர்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுவது, கழிவறையில் உட்கார்ந்து ஒரு காலை அகட்டி வைப்பது, கண்ணாடியைச் சாய்த்து வைப்பது, இடது கை விரல்களால் விலக்கிப் பிடிப்பது. எல்லாம் சொன்னபடி செய்தேன். குழாய் போனது தப்பான வழியில். சிஸ்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அத அப்படியே விட்டுடுங்க, எடுக்காதீங்க. புதுசு ஒண்ணு எடுத்து அதுக்கு மேல பாருங்க" என்றார். எவ்வளவு எளிய புத்தி! தப்பான வழியை முதல் குழாய் அடைத்துக்கொண்டிருந்தால் அடுத்தது அங்கே போகாதல்லவா? இரண்டாவது குழாய் ஒரு சின்னத் தயக்கத்தோடு உள்ளே நழுவியது. வலி என்று சொல்ல முடியாது, ஒரு குறுகுறுப்பு. பிறகு யூரின் வர ஆரம்பித்தது, வந்துகொண்டே இருந்தது. நின்ற பிறகு வயிற்றுக்குள் ஒரு லேசான தன்மை. பை காலியாக இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கண்ணாடி சில நாளில் தேவைப்படவில்லை, விரல் நுனியே வழி சொன்னது.

சுத்தம் போதும், அறுவை அறையில் செய்வதுபோல கிருமியே இல்லாமல் செய்ய வேண்டியதில்லை என்பதை எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மான் இப்படி அவ்வப்போது குழாய் போடும் முறையைக் கடுமையான கிருமிநீக்கத்தோடு செய்தார். அதற்கு டாக்டரோ பயிற்சி பெற்றவரோ பக்கத்தில் வேண்டும், வீட்டில் நடக்காத காரியம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் லேபிடஸ் 1972இல் வேறுவிதமாகச் சொன்னார். கிருமி உள்ளே போவதைவிட, பை அளவுக்குமேல் உப்பி ரத்த ஓட்டம் குறைந்து கிடப்பதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம், அதனால் சுத்தமான கையோடு அடிக்கடி காலி பண்ணினால் போதும் என்றார். அப்போது பலர் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஒரு நோயாளி கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்துகொள்ள முடிகிறது என்பது அந்த ஒரு வாதத்தால் வந்தது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கணவர் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "ஏங்க, நீங்க அங்க நின்னா எனக்கு வரவே மாட்டேங்குது" என்றேன். அப்புறம் நிற்பதில்லை.

வரிசையைத் திருப்பிப் போட்டால்

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். மிச்சத்தைக் காலி பண்ண ஒரு வழி கையில் வந்த பிறகு, மாத்திரைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. அதுவரை பையைத் தளர்த்தினால் தேங்கிவிடுமே என்ற பயம். இப்போது எவ்வளவு தளர்ந்தாலும் நான் காலி பண்ணிக்கொள்வேன். அதனால் தளர்த்தும் மருந்தைத் துணிந்து கொடுக்கலாம். எனக்கு மிராபெக்ரானுக்கு மாற்றினார்கள். அது வேறு வழியில் பையைத் தளர்த்தும், நாக்கு வறளாது, ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் கேட்காத மாத்திரை வகை இப்போது கேட்டது. டியூப் மாத்திரைக்கு அடுத்த படி இல்லை. அது கீழே இருந்ததால்தான் மாத்திரையால் நிற்கவே முடிந்தது.

ஊசி விஷயத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பைத் தசையில் போட்டுலினம் நச்சைச் சின்னச் சின்ன ஊசியாகப் போட்டு அதைச் சாந்தப்படுத்தும் முறையை சுவிட்சர்லாந்தில் பிரிஜித் ஷூர்ஷும் அவருடன் இருந்தவர்களும் 2000இல் எழுதினார்கள். 2011இல் அமெரிக்காவில் நரம்புக் கோளாறால் வரும் இந்த அவசரத்துக்கு 200 யூனிட் அளவில் அனுமதி கிடைத்தது. ஆறு மாதம், சிலருக்கு ஒன்பது மாதம் வரை தாங்கும், பிறகு மறுபடி போடணும். மாத்திரை கேட்காத பலருக்கு இது பெரிய வரம். ஆனால் போடுவதற்குமுன் டாக்டர் ஒரு நிபந்தனை சொல்வார்: பை அளவுக்குமேல் சாந்தமாகிவிட்டால் நீங்களே கதீட்டர் போட்டுக்கொள்ளத் தயாரா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். டியூபுக்குப் பயந்து ஊசியை விட்டு, கேட்காத மாத்திரையோடும் டயப்பரோடும் வருஷக்கணக்கில் இருக்கும் தோழிகளை எனக்குத் தெரியும். கதீட்டர் போடத் தெரிந்தவருக்கு அந்த நிபந்தனை ஒரு பொருட்டே இல்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்த ஒன்று, அதற்கு முன்னால் இருப்பவற்றின் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

எல்லோருக்கும் டியூப் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மிச்சம் முப்பது நாற்பது மில்லிதான் நிற்கிறது என்றால் அவருக்கு அது எதற்கு? அவருக்கு நேரம் வைத்து இரண்டு மூன்று மணிக்கொரு தடவை போவது, இடுப்படித் தசைப் பயிற்சி, தேவைப்பட்டால் மாத்திரை, இதுவே போதும். கணுக்கால் பக்கத்தில் மெல்லிய ஊசி வைத்து நரம்பைத் தூண்டும் முறையும் உண்டு, வாரத்துக்கு அரை மணி வீதம் பன்னிரண்டு வாரம். கொஞ்சமாக மிச்சம் நிற்பவர்கள் போய்விட்டு ஒரு நிமிஷம் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்து போனாலே சிலருக்குச் சரியாகிவிடும். எதுவானாலும் அளந்த பிறகு. மூன்று நாள் எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். வெளியே போகும் நாளில் காலையிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். குறைவாகக் குடித்தால் யூரின் கெட்டியாகி, மஞ்சளாகி, பையின் உட்சுவரை உறுத்தும். அவசரம் கூடும். மலச்சிக்கலும் தொற்றும் கூடவே வரும். ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் குடிக்கத்தான் வேண்டும், அதை நாள் முழுக்கப் பரப்பி, படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். காபி, டீயைக் குறைத்தால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியும். எனக்கு இதுதான் டியூபைவிடக் கஷ்டமாக இருந்தது. உட்கார்ந்தே இருப்பதால் கால் வீங்குகிறவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால், காலில் தேங்கிய நீர் படுக்கைக்கு முன்பே வெளியேறிவிடும், ராத்திரி எழுந்திருப்பது குறையும். யூரின் உற்பத்தியையே சில மணி நேரம் குறைத்துவைக்கும் டெஸ்மோபிரெஸ்ஸின் என்ற மருந்தும் இருக்கிறது. ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும் ஆபத்து இருப்பதால் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் கூடாது, வயதானவர்களுக்குக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். எதிர்வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து இல்லை.

இன்னொன்று. கதீட்டர் போடுகிறவர்களின் யூரினை எப்போது டெஸ்ட் செய்தாலும் கிருமி தெரிய வாய்ப்புண்டு. காய்ச்சலோ வலியோ புதிய பலவீனமோ கால் இழுப்போ இல்லாமல், ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது என்ற ஒன்றுக்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியதில்லை. அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே போனால், நிஜமான தொற்று வரும் நாளில் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமியோடு நிற்போம். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்து வீட்டில் பதறுவார்கள். பதறட்டும்.

என் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லாம் கையை நம்பி இருக்கிறது. சில மாதமாக வலது கையின் இரண்டு விரல்களில் மரமரப்பு. பாக்கெட்டைப் பிரிக்கப் பல்லைப் பயன்படுத்துகிறேன். சிஸ்டரிடம் சொன்னபோது, வளையம் வைத்த பாக்கெட், பிடிக்க வசதியான கைப்பிடி, தொடையில் பொருத்தும் கண்ணாடி என்று வரிசையாகக் காட்டினார். அதுவும் முடியாத நாள் வந்தால் தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை வழியாக நேரே பைக்குள் ஒரு குழாய் வைக்கலாம், கீழே வைக்கும் நிரந்தரக் குழாயைவிட அது வசதி, தாம்பத்தியத்துக்கும் தடையில்லை என்றார். அதை மாதத்துக்கு ஒரு தடவையோ கொஞ்சம் தள்ளியோ மாற்ற வேண்டியிருக்கும், கல் வரலாம், அடைத்துக்கொள்ளலாம். கணவர் "அதெல்லாம் எதுக்கு, நான் போட்டுவிடமாட்டேனா" என்கிறார். செய்யக்கூடியவர்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவருடைய வேலை நேரமும் அதற்கு ஒத்துவராது. ஆளில்லாத நேரத்தில் பை நிரம்பினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சிறுநீரக ஸ்கேனுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு யூரோ (சிறுநீர்ப்பாதை) டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்கப்போகிறேன்: துளை வைப்பதென்றால் கை முழுசாக ஓயும்வரை காத்திருக்கணுமா, இப்போதே செய்யலாமா, வைத்த பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு அது தானாக மூடிக்கொள்ளுமா. கணவரையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை அறைக்குள்ளேயே.